50 பவுண்டு ஸ்டீல் ஃப்ரேமில் சைக்ளோகிராஸ் சைக்கிள்: காசு கொடுக்கும் முன் ஒரு அட்டையை வெட்டுங்கள்

கேள்வி இதுதான். இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் ஒருவருக்கு 1980-களில் செய்த ராலே ஸ்டீல் ஃப்ரேம் ஒன்று, ஃபோர்க்கோடு சேர்த்து, 50 பவுண்டுக்கு வருகிறது. அக்டோபரில் உள்ளூர் சைக்ளோகிராஸ் பந்தயத்தில், அதாவது புல்லிலும் சேற்றிலும் நடக்கும் சைக்கிள் பந்தயத்தில், ஓடிப் பார்க்க ஆசை. மொத்தச் செலவு 250 பவுண்டைத் தாண்டக் கூடாது. நடக்குமா, எதில் காசு போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?

நடக்கும். ஆனால் ராலேயா வேறா, நல்ல குழாயா, பெயின்ட் பளபளக்கிறதா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அந்த ஃப்ரேமுக்குள் 33 மி.மீ. டயர் போய், அதைச் சுற்றிச் சேறும் போகிற அளவுக்கு இடம் இருக்கிறதா? அதுதான் முதல் கேள்வி, ஏறக்குறைய ஒரே கேள்வி. மற்றதையெல்லாம் காசு கொடுத்தோ கைவேலை செய்தோ சரிப்படுத்திவிடலாம்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் ஃப்ரேம் ஒரு ரோடு ரேஸ் ஃப்ரேம். இழைத்து இழைத்துச் செய்த லக் (குழாய்கள் சேரும் இடத்தில் மாட்டும் உலோகப் பூண்), மெல்லிய குழாய், கையில் தூக்கினால் பூ மாதிரி. டயருக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு பக்கமும் 3 மி.மீ. இருந்தது, உரசவில்லையே, போதும் என்று நினைத்தேன். காய்ந்த பூங்காவில் நன்றாகத்தான் ஓடியது. நவம்பரில் முந்தைய இரவு மழை பெய்த ஒரு பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே பின்சக்கரம் நின்றுவிட்டது. களிமண்ணும் நறுக்கிய புல்லும் சேர்ந்து, சுவர் பூசுவதற்குச் சாணியும் வைக்கோலும் பிசைந்த பதத்தில், குழாய்களுக்கு நடுவே இறுகிவிட்டது. விரலால் தோண்டி எடுத்தேன். 200 மீட்டர் போனதும் மறுபடி. கடைசி இரண்டு சுற்று சைக்கிள் என் தோளில்தான் வந்தது. அந்த ஃப்ரேம் இப்போது வீட்டில் ஆணியில் தொங்குகிறது.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் சுற்று. புல், சேறு, மணல், படிக்கட்டு, குறுக்கே பலகைத் தடுப்பு. ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டு ஓட வேண்டும். ஐரோப்பாவில் ரோடு பந்தயக்காரர்கள் குளிர்காலத்தில் உடம்பைச் சூடாக வைத்திருக்கத் தொடங்கியது. 1902-ல் பிரான்சில் முதல் தேசியப் போட்டி, 1950-ல் பாரிஸில் முதல் உலகப் போட்டி. இன்று அதன் தாய்வீடு பெல்ஜியம். உலக அமைப்பான யு.சி.ஐ.-யின் விதி டயர் 33 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. உள்ளூர்ப் பந்தயங்களில் அந்தக் கண்டிப்பு பெரும்பாலும் இருக்காது; பல இடங்களில் மவுன்டன் பைக்கோடும் நிற்கலாம். ஆனாலும் பதிவு செய்யும் முன் அந்த லீக்கின் விதியை ஒரு முறை படித்துவிடுங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். 33 மி.மீ. டயர் போட்ட 700சி (இன்றைய ரோடு சைக்கிளின் வழக்கமான அளவு) சக்கரத்தின் ஆரம் சுமார் 344 மி.மீ. ஒரு கெட்டி அட்டையை நீளப் பட்டையாக வெட்டி, ஒரு முனையில் அச்சுக்கு ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து 330-லும் 345-லும் கோடு போடுங்கள். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே அட்டை 45 மி.மீ. அகலம் இருக்கட்டும். விற்பவர் வீட்டுக்கு இதை எடுத்துப் போய், பின் அச்சு உட்காரும் வெட்டில் புள்ளியை வைத்து, பெடல் பக்கமாகப் போகும் இரண்டு கீழ்க் குழாய்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் டயருக்கு இரண்டு பக்கமும் 6 மி.மீ. இருக்கிறது என்று அர்த்தம். 41 மி.மீ. மட்டும் இருந்தால் காய்ந்த செப்டம்பர் பந்தயத்துக்குச் சரி, நவம்பருக்கு ஆகாது. ஃபோர்க்கிலும் இதே சோதனை. அங்கே அகலத்தோடு உயரமும் முக்கியம். அச்சிலிருந்து ஃபோர்க் கிரவுனின், அதாவது ஃபோர்க்கின் இரண்டு காலும் மேலே சேரும் இடத்தின், அடிப்பக்கம் வரை 352 மி.மீ.-யாவது வேண்டும்.

பழைய ஃப்ரேம் என்பதில் ஒரு நல்லதும் இருக்கிறது. அந்தக் காலத்து சைக்கிள் பலவும் 27 இன்ச் சக்கரத்துக்குச் செய்தவை. அதன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ. இன்றைய 700சி ரிம்மில் அது 622. ஆக, 27 இன்ச் ஃப்ரேமில் 700சி சக்கரத்தை மாட்டினால் மேல்பக்கம் 4 மி.மீ. சும்மா கிடைக்கிறது. பின் அச்சு வெட்டு கிடைமட்டமாக நீண்டிருந்தால் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளலாம். குழாய்கள் பின்னால் போகப் போக விலகுவதால் அகலமும் கொஞ்சம் கூடும்.

ஆக, தேட வேண்டியது ரேஸ் ஃப்ரேமை அல்ல, டூரிங் ஃப்ரேமை. மட்கார்டும் மூட்டையும் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகச் செய்தவை. பின்பகுதி நீளம், இடம் தாராளம். இங்கிலாந்தில் ராலே ராண்டனார், டாஸ் கேலக்ஸி என்ற பெயர்களைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஃபோர்க்கிலும் பின் குழாயிலும் கேன்டிலீவர் பிரேக்குக்கான (ரிம்மின் இரண்டு பக்கமும் தனித்தனிக் கை உள்ள பிரேக்) முளைகள் வைத்துப் பற்றவைத்த மாடல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ரெனால்ட்ஸ் 531 என்ற ஸ்டிக்கரைப் பார்த்தால் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் வரும். 1935-ல் வந்த மாங்கனீசு-மாலிப்டினம் ஸ்டீல் குழாய், நல்ல சரக்குதான். ஸ்டிக்கரில் 'பட்டட்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்: அப்படியென்றால் குழாயின் முனைகள் தடித்து, நடு மெலிந்திருக்கும், எடை குறையும். ராலே என்ற பெயருக்கும் நம் ஊரில் ஒரு மரியாதை உண்டு, வீட்டுக்குள் ஏற்றி வைத்துத் துடைக்கிற சைக்கிள். ரெனால்ட்ஸும் ராலேயும் ஒரு காலத்தில் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற ஒரே குழுமத்தின் கையில் இருந்தன. 1949-ல் அதே குழுமத்தின் கூட்டில் தொடங்கியதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். ஒருவகையில் சொந்தக்காரர் வீட்டுச் சைக்கிள்தான். ஆனால் ராலே செய்ததெல்லாம் 531 அல்ல. சாதாரண ஸ்டீலில் வந்ததுதான் அதிகம், அது கனம். சேற்றில் ஒரு கிலோ கூடினால் என்ன என்று கேட்கலாம். தோளில் போட்டு ஓடும்போது தெரியும்.

ராலேயின் மலிவு மாடல்களில் வேறொரு வம்பும் உண்டு. ஹேண்டில் திரும்பும் பேரிங்கான ஹெட்செட்டிலும், பெடல் அச்சு உட்காரும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கூட்டிலும் அவர்கள் தங்களுக்கென்று இன்ச்சுக்கு 26 மரை வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு 24. கூட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் வழக்கமான இங்கிலீஷ் மரை, கடையில் 15 பவுண்டுக்குப் புது சீல்டு பி.பி. கிடைக்கும். 71, 76 என்று வந்தால் புதுசு மாட்டத் திண்டாட வேண்டும். இருக்கிற கப்பைக் கழுவி, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து ஓட்டுங்கள். கழற்றும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: இங்கிலீஷ் பி.பி.-யில் செயின் பக்கத்துக் கப் எதிர் மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பானருக்கு இரும்புக் குழாய் சொருகி இன்னும் இறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விபத்துக்குள்ளான ஃப்ரேமா என்று பார்ப்பதும் சுலபம். கீழ்ப் பார் ஹெட் குழாயோடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கம் விரலை ஓட்டுங்கள். ஒரு சின்ன மேடு தட்டினாலோ பெயின்ட் குறுக்கே வெடித்திருந்தாலோ முன்னால் எங்கோ முட்டியிருக்கிறது. வேண்டாம், வந்துவிடுங்கள்.

இனி பிரேக். காசு போட வேண்டிய இரண்டு இடங்களில் இது ஒன்று. பழைய சைக்கிளோடு வரும் சக்கரத்தில் குரோம் பூசிய ஸ்டீல் ரிம் இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். நனைந்த ஸ்டீல் ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும், நிற்காது. அலுமினிய ரிம்தான் வேண்டும். ஃப்ரேமில் கேன்டிலீவர் முளை இல்லை என்றால் ஒரே ஓட்டையில் நடுவில் மாட்டுகிற, கை நீண்ட சைடுபுல் பிரேக் போடலாம். 55-லிருந்து 73 மி.மீ. வரை எட்டுகிற டெக்ட்ரோ பிரேக் இதற்கென்றே விற்கிறது. பிரேக் ஓட்டையின் நடுவிலிருந்து ரிம்மின் பக்கவாட்டு வரை அளந்துவிட்டு வாங்குங்கள். சேறு பிடிக்கும்தான், ஆனால் முதல் சீசனுக்குப் போதும். முளை பற்றவைக்கிறேன் என்று ஃப்ரேம் செய்பவரிடம் போனால் கூலியும் பெயின்ட் செலவும் சேர்ந்து உங்கள் பட்ஜெட்டை விழுங்கிவிடும்.

முளை இருந்தால் இரண்டு வழி. ஒன்று கேன்டிலீவர், சேற்றுக்கு இடம் விடும், லைட்டாக இருக்கும். இன்னொன்று மினி வி-பிரேக். 80-90 மி.மீ. கை உள்ளது என்றால் சாதாரண வளைந்த ஹேண்டில்பார் லீவரோடு ஒத்துப்போகும், பிடிப்பும் கூடுதல். மவுன்டன் பைக்கின் முழு நீள வி-பிரேக்கை அந்த லீவரோடு இணைக்காதீர்கள். லீவர் இழுக்கும் கேபிள் நீளம் அதற்குப் பத்தாது. ஒன்று பிரேக் பிடிக்காது, அல்லது கட்டை ரிம்மை உரசிக்கொண்டே இருக்கும்.

கேன்டிலீவர் போட்டவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. முன்பிரேக்கைப் பிடித்தால் ஃபோர்க் மொத்தமும் படபடவென்று ஆடும், பல் கிட்டும். பிரேக் கட்டையை மாற்றுவார்கள், ரிம்மைத் தேய்ப்பார்கள், நிற்காது. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. கேபிளைத் தாங்கும் கொக்கி மேலே ஹெட்செட்டில் இருக்கிறது, பிரேக் கீழே ஃபோர்க்கில் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் ஃபோர்க் லேசாகப் பின்னால் வளையும், கொக்கிக்கும் பிரேக்குக்கும் தூரம் கூடும், கேபிள் தானாக இன்னும் இழுபடும், இன்னும் இறுகும், பிறகு வழுக்கி விடுபடும், மறுபடி. இது நொடிக்குப் பல முறை நடப்பதுதான் அந்த ஆட்டம். கொக்கியை ஃபோர்க் கிரவுனிலேயே மாட்டிவிட்டால் தீர்ந்தது. பழைய ஃபோர்க்கில் அதற்கான ஓட்டை இருக்கும், அதில் மாட்டும் சின்ன இரும்புத் தாங்கி சில பவுண்டுதான். என் சைக்கிளில் இதைச் செய்ய 20 நிமிடம் ஆனது. அதற்கு முன் ஒரு முழு சீசன் ஆடிக்கொண்டே ஓட்டினேன்.

கியர் விஷயத்தில் பலரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும். 250 பவுண்டுதான் கையில் என்றால் முதல் வருடம் கியரே வேண்டாம். ஒற்றைக் கியர் போடுங்கள். சேற்றில் முதலில் சாவது பின் டிரெய்லியர்தான், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி. அது இல்லாவிட்டால் சாக எதுவும் இல்லை. பழைய ஃப்ரேம் இதற்கு வாகாக அமைந்திருக்கிறது: அச்சு வெட்டு கிடைமட்டம் என்பதால் சக்கரத்தை முன்பின் நகர்த்தியே செயினை இறுக்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்துக் கிராங்கில் பெரும்பாலும் 52, 42 என்று இரண்டு பல்சக்கரம் இருக்கும். பெரியதைக் கழற்றுங்கள். 42-ஐ மட்டும் வைத்து, பின்னால் 20 பல் ஒற்றை ஃப்ரீவீல் மாட்டுங்கள். விகிதம் 2.1, பெடல் ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர் போகும். சேற்றுக்கும் புல்லுக்கும் இதுதான் ஏறக்குறைய எல்லோரும் வந்து சேர்கிற இடம். பெரிய சக்கரத்தைக் கழற்றியதும் பழைய போல்ட் நீளமாக இருந்து இறுகாது. ஒற்றைச் சக்கரத்துக்கான குட்டைப் போல்ட் ஐந்து வாங்கிக்கொள்ளுங்கள். செயின் நேர்கோட்டில் வராவிட்டால் பின் அச்சில் இருக்கும் வாஷர்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றிச் சரி பாருங்கள். மாற்றியபின் ரிம்மை ஸ்போக் முறுக்கி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொன்று, எழுந்து நின்று மிதிக்கும்போது பின்சக்கரம் வெட்டில் நழுவி வரும். சின்ன லீவரை மடக்கி இறுக்கும் அலங்கார குவிக் ரிலீஸ் வேண்டாம், நட்டு போட்ட அச்சுதான் பிடிக்கும்.

இல்லை, எனக்குக் கியர் வேண்டும்தான் என்றால் பின் ஃபோர்க்கின் அகலத்தைப் பாருங்கள். 1980-களின் ஆறு, ஏழு கியர் ஃப்ரேமில் அது 126 மி.மீ.; எட்டு கியரும் அதற்கு மேலும் உள்ள ரோடு ஹப்புக்கு 130 வேண்டும். ஸ்டீலை விரிக்கலாம். ஃப்ரேமைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரு நீள மரச்சட்டத்தை உள்ளே கொடுத்து, ஒவ்வொரு பக்கமாக 2 மி.மீ. நெம்ப வேண்டும். எவ்வளவு விரிந்தது என்பதைவிட இரண்டு பக்கமும் சமமாக விரிந்ததா என்பதுதான் முக்கியம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு நூல் போதும். ஒரு பக்கத்து அச்சு வெட்டில் நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றி, மறு பக்கத்து வெட்டில் கட்டி விறைப்பாக இழுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அலுமினியத்திலோ கார்பனிலோ இதைச் செய்துவிடாதீர்கள், உடையும். ஒன்பது கியர் வரை ஷிமானோ கம்பெனியின் மவுன்டன் பைக் டிரெய்லியரும் ரோடு ஷிஃப்டரும் ஒன்றோடு ஒன்று பேசும், பத்திலிருந்து பேசாது. பழைய எட்டு, ஒன்பது கியர் சாமான்களே மலிவு என்பதால் இது வசதிதான்.

காசு போட வேண்டிய இன்னொரு இடம் டயர். புதிய, ரப்பர் முள் வைத்த 33 மி.மீ. டயர் இரண்டு, சுமார் 50 பவுண்டு. பழைய டயரில் ஓடினால் திருப்பத்தில் விழுவீர்கள், வேறொன்றும் இல்லை. டியூப் போட்டே ஓட்டலாம். 75 கிலோ ஆளுக்குக் காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. பக்கம் தொடங்கி, சுற்றைப் பார்த்துக் குறையுங்கள். வேர், கல் அதிகமுள்ள சுற்றில் ரொம்பக் குறைத்தால் டியூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். பழைய ரிம்மில் டியூப்லெஸ் முயற்சி செய்ய வேண்டாம்.

கணக்கு போட்டுப் பார்க்கிறேன். ஃப்ரேம் 50, பழைய 700சி சக்கரம் ஒரு ஜோடி 40, டயரும் டியூபும் 58, பிரேக் 40, லீவர் 18, ஃப்ரீவீலும் செயினும் 23, பி.பி. 15, கேபிளும் ஹேண்டில் டேப்பும் 20. 264 ஆகிவிட்டது. இன்னும் கிராங்க், ஹேண்டில்பார், ஸ்டெம், சீட் எதுவும் வாங்கவில்லை! அதனால்தான் சொல்கிறேன், வெறும் ஃப்ரேம் வாங்காமல் ஓடாமல் கிடக்கும் முழு டூரிங் சைக்கிளாகப் பாருங்கள். 80 பவுண்டுக்கு வந்தால்கூடக் கிராங்க், பார், ஸ்டெம், சீட், லீவர், பல நேரம் சக்கரமும் அதிலேயே வந்துவிடும். மிச்சத்தை விற்றும் நாலு காசு பார்க்கலாம்.

மாட்டும்போது கேபிளை மேல் பாரின் மேல்பக்கமாகக் கொண்டுபோங்கள். பழைய சைக்கிளில் அது அடிப்பக்கம் போகும். தோளில் போடும்போது கழுத்தோரம் அறுக்கும். பாட்டில் தாங்கியையும் கழற்றிவிடுங்கள், கை நுழைய இடம் வேண்டும். இந்த விஷயத்தில் பழைய ஃப்ரேமுக்கே வெற்றி: மேல் பார் கிடையாக இருப்பதால் நடுவில் பெரிய முக்கோணம் கிடைக்கிறது, தோள் சுகமாக உட்காரும். பந்தயம் முடிந்ததும் ஹோஸ் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள், பிரஷர் வாஷரை ஹப், பி.பி. பக்கம் காட்டாதீர்கள். பிறகு சீட் போஸ்ட்டை உருவி, சைக்கிளைத் தலைகீழாகப் பிடியுங்கள். எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

சீட் போஸ்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. அலுமினியப் போஸ்ட் ஸ்டீல் குழாய்க்குள் வருடக்கணக்கில் கிரீஸ் இல்லாமல் கிடந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ரம்பத்தால் உள்ளிருந்து அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அதில் தொலைத்தேன். எனவே இன்றே விற்பவரிடம் கேளுங்கள், போஸ்ட் அசைகிறதா என்று. நேரில் போனால் அட்டையை நுழைத்துப் பார்த்து, எத்தனை மி.மீ. வந்தது, பி.பி. கூட்டின் அகலம் என்ன, இந்த இரண்டு அளவையும் எனக்கு எழுதுங்கள். பிரேக்கும் பி.பி.-யும் எது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.